நான் கேட்கவே இல்லையே

காதுக் கருவி விற்கும் அந்த நிறுவனத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எது தாமதம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தவள். அங்கே பதிவு செய்த குரலே போதும் என்றானதும் இங்கே வந்து சேர்ந்தாள். வயது நாற்பத்தாறு. அடுத்த அறையில் பேசினாலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழும். நேர்காணலில் அவள் பேசி முடிப்பதற்குள் டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இந்தக் குரல் இருந்தா பாதிப் பேருக்கு மெஷினே வேண்டாமே. நமக்குத்தான் நஷ்டம்."

டாக்டரம்மாதான் முதலாளி. காது பரிசோதனையில் கைதேர்ந்தவர். ஊரில் மூன்று கிளைகள் வைத்திருந்தார். தலைமைக் கிளையில் சத்தம் புகாத பரிசோதனைக் கூண்டுக்குப் பின்னால் ஓர் அறை. ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் எதிரே சலவைக் கடையின் ஆவிக் குழாய். அந்த அறையில் மூன்று நாற்காலி, மூன்று தொலைபேசி. கைபேசியில் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவில் ஒரு விளம்பரம் வரும்: 'இலவசக் காது பரிசோதனை, உங்கள் விவரம் தாருங்கள்.' பெயர், வயது, எண், எந்தக் காது, எத்தனை நாளாக என்று அதில் நிரப்பி அனுப்பியவர்களின் பட்டியல் காலை ஒன்பதுக்கு வரும். அவர்களை ஒவ்வொருவராக அழைத்து, நாள் குறித்து, கிளைக்கு வரவைப்பதுதான் மைக் அக்காவின் வேலை.

ஆரம்பத்தில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு படிவம் வரும். அத்தனையும் உயிருள்ள படிவங்கள். மாமனாருக்கும் மருமகளுக்கும் டிவி சத்தத்தால் வந்த சண்டை, மாணவர்கள் பின்வரிசையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று புரியாமல் தவிக்கும் வாத்தியார், மனைவி சொல்வது மட்டும் கேட்கவில்லை என்று சாதிக்கிற ஓட்டுநர். மைக் அக்கா சிரித்துப் பேசியே பாதிப் பேரை வரவழைத்துவிடுவாள்.

பிறகு டாக்டரம்மாவின் மகளைக் கட்டியவர் விளம்பரப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அலுவலகத்தில் அவருக்கு மாப்பிள்ளை சார் என்று பெயர். நல்ல மனுஷர்தான். யாரையும் ஒருமையில் பேசமாட்டார், யார் வீட்டில் உடம்புக்கு முடியாவிட்டாலும் விசாரிப்பார். என்ன ஒன்று, வரைபடம் என்றால் உயிர். கோடு மேலே போனால் முகம் மலரும், கீழே வந்தால் சுருங்கும். ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தைப் பிடித்தார். படிவத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. மூன்றே மாதத்தில் பத்துப் படிவம் இருநூறானது. மைக் அக்காவுக்குத் துணையாக இரண்டு பேரை எடுத்தார்கள். ஒருவன் எந்நேரமும் தொண்டை மாத்திரையைச் சப்பிக்கொண்டிருந்த ஆள், புதிதாகக் கலியாணமானவன், தொண்டைத் தம்பி என்று பெயர் வந்துவிட்டது. இன்னொருத்தி இரட்டைப் பிள்ளைகளின் தாய். ரெட்டையம்மா. புருஷன் விட்டுப் போனவள். முதுகுக்கு வைத்துக்கொள்ள ஒரு சிறு தலையணையை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

படிவம்தான் பெருகியதே தவிர ஆள் பெருகவில்லை. அழைத்தால் எதிர்ப்பக்கத்தில் வருவது ஒரே பதில்.

"காது பரிசோதனையா? நான் கேட்கவே இல்லையே!"

கேட்கவில்லை என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பெரிய தொல்லை. முதல் வாரம் மைக் அக்கா, பாவம், காது மந்தம்போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் உரக்கப் பேசினாள். "ஏம்மா கத்துறீங்க? எனக்குக் காது நல்லாத்தான் கேட்குது. பரிசோதனை வேணும்னு நான் யாரையும் கேட்கலைன்னு சொன்னேன்" என்று மறுமுனையில் எரிந்து விழுந்தார்கள். கிரேன் ஓட்டுகிறவர் உயரத்திலிருந்து திட்டினார். பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவர் ஒருவர், "என் காதுல கோளாறுன்னு வெளியில தெரிஞ்சா என் பிழைப்பு என்னாகும்?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு பயந்தார். மூவரும் மதியம் சாப்பிடும்போது இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. ஒரு நாள் ரெட்டையம்மா காதுக்கவசத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, இது பூரா பொய். இந்த லிஸ்ட்ல இருக்கிற யாரும் ஃபாரம் போடல. யாரோ நம்ம காதுல பூச்சுத்துறாங்க."

"போட்டுட்டு மறந்திருப்பாங்க. நீ எடுத்ததும் 'நீங்கதான் போட்டீங்களா'ன்னு போலீஸ் மாதிரி விசாரிச்சா யாரு வருவாங்க? குரல்ல ஒரு சிரிப்பு வேணும்."

"இருநூறு பேருமா மறப்பாங்க?"

மைக் அக்கா அடுத்த எண்ணை அழுத்தினாள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் குரலால் பிழைத்தவளுக்கு, குரல் தோற்கிறது என்பதைவிட மற்றவர்கள் குரலைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று நினைப்பது எளிதாக இருந்தது.

பிப்ரவரி மாதக் கூட்டத்தில் மாப்பிள்ளை சார் சுவரில் வரைபடத்தைக் காட்டினார். படிவக் கோடு விட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிளைக்கு வந்தவர்களின் கோடு தரையில் படுத்திருந்தது. டாக்டரம்மா ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பழைய கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆளுங்க தேடி வர்றாங்க. நாம பேசுற விதத்துல கோட்டை விடுறோம்" என்ற மாப்பிள்ளை சார், பதிவு செய்த ஓர் அழைப்பை ஒலிக்கவிட்டார். ரெட்டையம்மாவின் குரல்: 'ஐயா, நீங்க ஃபாரம் போட்டீங்களா இல்லையா, உண்மையச் சொல்லுங்க. என் வேலையக் காப்பாத்துறதுக்காகக் கேட்கிறேன்.'

மாப்பிள்ளை சார் மைக் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்கதான் சீனியர். நீங்க என்ன சொல்றீங்க?"

ரெட்டையம்மாவும் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை. அக்கா இருக்கிறாள் என்ற தெம்புதான் இருந்தது.

மைக் அக்கா சொன்னாள்: "அவங்களுக்கு இந்த வேலைக்கான பொறுமை பத்தல சார்."

அவ்வளவுதான். அந்த வார இறுதியில் ரெட்டையம்மாவை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர்ப் புட்டி, சாப்பாட்டுப் பை, சிறு தலையணை மூன்றையும் எடுத்துக்கொண்டாள். தொண்டைத் தம்பியிடம் சொல்லிக்கொண்டாள். மைக் அக்காவைக் கடந்து போகும்போது நாற்காலியில் இடிக்காமல் ஒதுங்கிப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மைக் அக்காவுக்கு மனசு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாவது நாற்காலி காலியாகவே கிடந்தது. அதற்கான படிவங்களும் இவர்கள் தலையில் விழுந்தன. அவள் தன் குரலில் இருந்த சிரிப்பையெல்லாம் திரட்டிப் போட்டுப் பேசிப் பார்த்தாள். தரைக்கோடு எழுந்திருக்கவில்லை. பொறுமை பத்தாதவள் போய்விட்டாள், பொறுமைசாலி பேசுகிறாள், பலன் அதேதான். அப்படியானால் பிப்ரவரியில் சொன்னது என்ன? பேருந்தில் நிற்கும்போது, துணி மடிக்கும்போது, பல் துலக்கும்போது அந்த ஒரு வாக்கியம் அவள் குரலிலேயே, அட்சரம் பிசகாமல், அறிவிப்பு மாதிரி உள்ளே ஓடியது.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காரணமில்லாமல் பாத்திர அலமாரியை மூன்றாம் தடவை அடுக்குவதைப் பார்த்துவிட்டு வாயைப் பிடுங்கினார். அவள் கொட்டித் தீர்த்தாள்.

"சில கட்டடத்துல லிஃப்டுக்குள்ள ஒரு அட்டை தொங்கும்" என்றார் அவர். "மாசாமாசம் சோதிச்சாச்சுன்னு கையெழுத்து இருக்கும். கயித்தைப் பார்த்தா தூசி அப்பியிருக்கும். ஆளே வந்திருக்க மாட்டான். அட்டையப் பார்க்கிறவன் கயித்தைப் பார்க்க மாட்டான். உங்க மாப்பிள்ளை அட்டையப் பார்க்கிறாரு. நீ கயித்தைப் பாரு."

மறுநாளிலிருந்து அவள் பேச்சை மாற்றினாள். பரிசோதனைக்கு வாருங்கள் என்பதற்கு முன்னால், விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். பூட்டு திறப்பவர், சாவி செய்பவர். தண்ணீர் லாரி. கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்பவர். கணக்கு ட்யூஷன். வீடு மாற்ற வண்டி. எலித் தொல்லைக்கு மருந்து வைப்பவர்.

பூட்டுக்காரர் மட்டும் பட்டியலில் மூன்று முறை வந்தார், மூன்று பெயரில், மூன்று வயதில். முதல் தடவை எரிச்சலாகப் பேசினார். இரண்டாம் தடவை சிரித்தார். மூன்றாம் தடவை, "அம்மா, எனக்கு மூணு பேர் வெச்சுட்டீங்க. நாலாவதாச்சும் நல்ல பேரா பார்த்து வைங்க. வயசையும் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்றார்.

அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "உங்க நம்பரை யார்கிட்ட எல்லாம் குடுத்திருக்கீங்க?" என்றாள்.

"யார்கிட்ட குடுக்கல? ஊர் பூரா ஷட்டர்ல, சுவத்துல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். சாவி தொலைச்சவன் என்னை எப்படித் தேடுவான் பின்ன?"

அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தபோது மைக் அக்கா முதல் முறையாகச் சுவர்களைப் படித்தாள். மூடிய கடையின் கதவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்டிக்கர்கள். தண்ணீர் லாரி. எலி மருந்து. ட்யூஷன். நோட்டை எடுத்து ஒப்பிட்டாள். எலி மருந்துக்காரரின் எண் நேற்றைய பட்டியலில் இருந்தது: வயது ஐம்பத்தெட்டு, இடது காது, ஆறு மாதமாக. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த கதவு. இன்னொன்று. ஒரு வீட்டு வாசலில் நின்று மின்கம்பத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "யாரும்மா வேணும்?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்று நகர்ந்தாள். இரண்டு பேருந்துகள் அவளை விட்டுவிட்டுப் போயின.

நோட்டோடு மாப்பிள்ளை சாரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். திரை முழுக்கப் பச்சை. "அக்கா, இவங்க சோதிச்சு ரிப்போர்ட் குடுக்கிறாங்க. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு மனுஷங்கதான் போட்டிருக்காங்க, ரோபோ இல்லைன்னு இருக்கு, பாருங்க."

"விளம்பரம் எங்கெங்க போகுதுன்னு கேட்டுச் சொல்லுங்க சார். அது போதும்."

நியாயமான கேள்விதான் என்று அவரும் அங்கேயே அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார். தேன் ஒழுகும் குரலில் ஓர் ஆள் பேசினார். விளம்பரத்தை அவர்கள் நேரடியாகப் போடுவதில்லையாம். கூட்டாளி நிறுவனம் போடுகிறதாம். அந்தக் கூட்டாளிக்கும் கூட்டாளிகள் உண்டாம். எந்தெந்தப் பக்கத்தில் வந்தது என்ற பட்டியல் தொழில் ரகசியமாம்.

"நான் போட்ட விளம்பரம் எங்க இருக்குன்னு எனக்கே ரகசியமா?" என்றார் மாப்பிள்ளை சார், கொஞ்சம் சிரித்தபடி.

"சார், ரிசல்ட்டைப் பாருங்க சார். ஃபாரம் வருதா இல்லையா?"

போனை வைத்ததும் மாப்பிள்ளை சாரின் முகத்தில் ஒரு நிமிஷம் ஏதோ ஓடியது. பிறகு திரையின் பச்சை அவரைத் தேற்றிவிட்டது. "பார்க்கலாம்கா" என்றார். பார்க்கலாம் என்றால் பார்க்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியாதா?

அதற்கு அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் நாற்பத்தொன்றாவது வரிசையை அவள் இரண்டு முறை படித்தாள்.

பெயர்: மைக் அக்கா. பகுதி: பேருந்து நிலையம். எந்தக் காது: இரண்டும். எத்தனை நாளாக: பிப்ரவரியிலிருந்து. குறிப்பு என்ற இடத்தில்: 'குரல் நல்லா இருக்கு. காதுதான் கேட்கல.'

எண் ரெட்டையம்மாவுடையது.

தொண்டைத் தம்பி பார்த்துவிடப் போகிறானே என்று திரையைத் தாழ்த்தினாள். நாற்பதாம் வரிசையை முடித்துவிட்டு நாற்பத்திரண்டுக்குத் தாவினாள். மதியம்வரை தாக்குப்பிடித்தாள். பிறகு தன் கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய், எண்ணைத் தட்டினாள்.

"சொல்லுங்க" என்றாள் ரெட்டையம்மா. "பொறுமை பத்தாதவகிட்ட பேச உங்களுக்கு நேரம் இருக்கா?"

"எங்க இருக்க நீ? உன் பேர்ல... என் பேர்ல ஃபாரம் எப்படி வந்துச்சு?"

"நான்தான் போட்டேன். இப்ப எனக்கு அதான் வேலை."

அவள் சொல்லச் சொல்ல மைக் அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறைக்கு மேலே ஒரு கூடமாம். பதினோரு மேஜை. மேஜைக்கு ஆறு கைபேசி. காலையில் எண்கள் வரும்; இரண்டு பேர் பைக்கில் தெருத்தெருவாகப் போய்ச் சுவரிலிருந்து படம் பிடித்துக்கொண்டு வருவார்கள். பெயரும் வயதும் வியாதியும் இவர்கள் கற்பனை. காதுக்குப் போடுவார்கள், முடி கொட்டுவதற்குப் போடுவார்கள், அடுக்குமாடி வீட்டுக்குப் போடுவார்கள். வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் திரையில் டாக்டரம்மாவின் படம் வந்ததும்தான் எங்கே வந்து மாட்டியிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்ததாம்.

"எடுத்ததும் டைப் பண்ணக் கூடாதுக்கா. விளம்பரத்தைப் படிக்கிற மாதிரி மெதுவா விரலைத் தள்ளணும். நடுவுல நிறுத்தணும், யோசிக்கிற மாதிரி. அப்பத்தான் மனுஷன்னு கணக்கு. அதைப் பார்க்கிறதுக்குன்னே ஒருத்தர் பின்னால நிப்பாரு."

தொண்ணூற்றெட்டு என்ற எண் மைக் அக்காவின் கண்முன் வந்தது. மனுஷங்கதான் சார், ரோபோ இல்லை.

"என் பேரைப் போட்டது அவரு கண்ணுல படலையா?"

"அவரு விரலைத்தான் பார்ப்பாரு. எழுதினதை யாரும் படிக்கிறதில்ல. இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் அதைப் படிக்கிறீங்க."

பின்னணியில் பட்டறையின் இரைச்சல் கேட்டது.

"நீ வந்து டாக்டரம்மாகிட்ட சொல்றியா?" என்று கேட்டாள் மைக் அக்கா. கேட்ட கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவை உண்மையச் சொல்லித்தான் வேலை போச்சு. ரெண்டு புள்ளைங்களை வெச்சுக்கிட்டு மறுபடியும் சொல்ல எனக்குத் தெம்பில்ல."

நியாயம். இன்னொரு தடவை அவளை முன்னால் தள்ளிவிட்டுத் தான் பின்னால் நிற்கக் கூடாது என்று மைக் அக்கா முடிவு செய்தாள். "சரி. நீ வர வேண்டாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த பைக் ஆளுங்க அடுத்து எந்தத் தெருவுக்குப் போவாங்க?"

பழைய இரும்புக் கடைத் தெரு என்று பதில் வந்தது.

வீட்டில் பழைய கைபேசி ஒன்று சும்மா கிடந்தது. அதற்குப் புது எண் வாங்கினாள். கணவர் லிஃப்டில் ஒட்டுகிற மஞ்சள் தாளில், தன் முத்துமுத்தான கையெழுத்தில், 'தையல் மெஷின் பழுது பார்க்கப்படும், வீட்டுக்கே வருவோம்' என்று எழுதி எண்ணைப் போட்டார். எட்டுத் தாள்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் கணவன் மனைவி இரண்டு பேரும் பசை வாளியோடு இரும்புக் கடைத் தெருவில் ஷட்டர் ஷட்டராக ஒட்டிக்கொண்டு போனார்கள். "இந்த வயசுல போஸ்டர் ஒட்ட வெச்சுட்ட" என்று அவர் அலுத்துக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு தாளையும் மட்டம் பார்த்துத்தான் ஒட்டினார்.

பிறகு காத்திருப்பு. கைப்பையில் அந்தக் கைபேசி இருப்பதே நெருப்புத் துண்டை வைத்திருப்பது போலிருந்தது. புதன்கிழமை அது ஒலித்தது. பாய்ந்து எடுத்தாள். உண்மையாகவே ஓர் அம்மாளுக்குத் தையல் மெஷின் பழுதாம்; ஊசி உடைந்து உடைந்து போகிறதாம். எப்போது வருவீர்கள் என்றார். மைக் அக்கா விழித்தாள். மெக்கானிக்குக்குக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தாள். வெள்ளிக்கிழமையும் அவரே அழைத்து, மெக்கானிக்குக்குக் காய்ச்சல் விட்டதா என்று அக்கறையாக விசாரித்தார். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. பொய் என்பது எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது! அக்கம்பக்கத்தில் விசாரித்து, நிஜமான ஒரு மெக்கானிக்கின் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகுதான் மனசு அடங்கியது.

ஒட்டிய பத்தாம் நாள், பட்டியலில் பதினேழாவது வரிசை. எண் அதேதான். ஆண். வயது எழுபத்தொன்று. வலது காது. இரண்டு வருஷமாக. குறிப்பு: 'பேரன் பேசுவது புரியவில்லை.'

அவள் மாப்பிள்ளை சாரிடம் போகவில்லை. நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். அவர் ஒரு பெரியவருக்குக் கருவியைப் பொருத்தி முடித்து அனுப்பும்வரை வாசலில் நின்றாள்.

"மேடம், இந்தப் பதினேழாவது நம்பரை நீங்களே ஒரு தடவை கூப்பிடணும்."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடி வழியாக அவளை ஏற இறங்கப் பார்த்தார். மேஜைத் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். மைக் அக்காவின் கைப்பைக்குள் மணி அடித்தது. டாக்டரம்மா வைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடி பை அடித்தது.

"எழுபத்தொரு வயசுப் பெரியவர் நீயா?"

"நான்தான் மேடம். வலது காது. ரெண்டு வருஷமா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவள் ஸ்டிக்கர் கதையைச் சொன்னாள், நோட்டைக் கொடுத்தாள். ரெட்டையம்மா இப்போது எங்கே வேலை செய்கிறாள் என்று மட்டும் மூச்சு விடவில்லை. கடைசியில், கேட்காமலே, பிப்ரவரி விஷயத்துக்கு வந்தாள். "அன்னிக்கு அவங்களுக்குப் பொறுமை பத்தலைன்னு நான் சொன்னது பொய் மேடம். எனக்கே அப்ப சந்தேகம் இருந்துச்சு. பயத்துல சொல்லிட்டேன்."

டாக்டரம்மா நோட்டின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "அந்தக் கூட்டத்துல நானும்தானே உட்கார்ந்திருந்தேன்" என்றார். "அந்தப் பொண்ணு குரலை நானும்தானே கேட்டேன். ஊருக்கெல்லாம் காது பார்க்கிறேன்."

மாப்பிள்ளை சாரை வரச்சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அத்தை, இது ஒரு நம்பர்தானே..." என்று ஆரம்பித்தவர், நோட்டைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டார்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல மாப்பிள்ளை. விளம்பரம் எங்கெங்க போச்சுங்கிற முழுப் பட்டியலையும் எழுத்துல கேளுங்க. அது வர்றவரைக்கும் எல்லாத்தையும் நிறுத்துங்க."

நிறுத்திவிட்டோம் என்றதும் தொழில் ரகசியம் மூன்றே வாரத்தில் வெளியே வந்துவிட்டது. குழந்தைகள் வண்ணம் தீட்டும் விளையாட்டு, கைபேசியை டார்ச் விளக்காக்கும் செயலி, இங்கே ஒருவருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் ஏதோ வானிலைப் பக்கம். மாப்பிள்ளை சார் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பட்டியலோடு வந்த கடிதத்தில், அழைப்பவர்களின் திறமைக்குறைவுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அந்த நிறுவனம் எழுதியிருந்தது. அவள் அன்று கூட்டத்தில் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். மைக் அக்கா அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

உண்மை வெளிவந்தால் எல்லாம் நல்லபடி ஆகிவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நடந்தது வேறு. பொய்ப் படிவம் நின்றதும் நாளுக்கு ஒன்பது, பத்து என்று பட்டியல் சுருங்கியது. இரண்டு பேருக்குக்கூட வேலை இல்லை. தொண்டைத் தம்பியைத் தொலைவில் இருந்த கிளையின் வரவேற்புக்கு மாற்றினார்கள். தினமும் இரண்டு பேருந்து ஏறி இறங்க வேண்டும். அவன் மாத்திரையைச் சப்பிக்கொண்டே, "நல்லது பண்ணீங்கக்கா" என்றான். அதைப் பாராட்டாகச் சொன்னானா, குத்திக் காட்டினானா என்று அவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ரெட்டையம்மாவைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்டதற்கு, "எடுத்து அவளுக்கு என்ன வேலை குடுக்கிறது?" என்றார் டாக்டரம்மா. அதுவும் வாஸ்தவம்தான்.

"அப்ப ஒரு கடுதாசி குடுங்க மேடம். அவங்க மேல தப்பில்ல, தப்பு எங்களுதுன்னு."

டாக்டரம்மா நிறுவனத் தாளில் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளை சார் தானும் போடுகிறேன் என்று கேட்டு வாங்கிப் போட்டார்.

சனிக்கிழமை காலை மைக் அக்கா அந்தக் கடிதத்தோடு ரெட்டையம்மாவின் வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்தவள் உள்ளே வரச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு வழிவிட்டாள். உள்ளே இரட்டைகள் ஒரே பென்சிலுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரெட்டையம்மா கடிதத்தை நின்றபடியே படித்தாள். மடித்தாள்.

"இன்னும் அங்கதான் இருக்கியா?" என்றாள் மைக் அக்கா.

"காதுக்குப் போடுறது நின்னுபோச்சு. இப்ப டிரைவிங் ஸ்கூலுக்குப் போடுறோம். வேற கிடைக்கிற வரைக்கும்."

"நான் அன்னிக்குச் சொன்னதுக்கு..." மைக் அக்கா வாக்கியத்தைப் பாதியில் விட்டாள். ஒலிபெருக்கிமுன் ஒரு நாளும் தடுமாறாதவள். "தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சுடு."

"இதை அன்னிக்கு அந்த ரூம்ல சொல்லியிருக்கணும்கா."

"ஆமா."

"இப்ப சொல்றதுக்குச் சரின்னு சொல்றேன். ஆனா அன்னிக்குத் திரும்பி உங்களைப் பார்த்தேன் பாருங்க, அது போக மாட்டேங்குது."

மைக் அக்கா தலையாட்டினாள். ரெட்டையம்மா சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி, வீட்டு ஒழுகலைப் பற்றிப் பேசினார்கள். பழைய சிரிப்பு இரண்டு மூன்று இடத்தில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

கடிதம் வீண்போகவில்லை. இரண்டு மாதத்தில் ரெட்டையம்மா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். முடிவுகளைப் போனில் தெரிவிக்கிற வேலை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் நிஜமாகவே அவள் குரலுக்குக் காத்திருப்பவர்கள். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்களாம். மைக் அக்கா மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு விசாரிப்பாள். ரெட்டையம்மா எடுப்பாள், நன்றாகப் பேசுவாள், பிள்ளைகளிடம்கூடக் கொடுப்பாள். அவளாகக் கூப்பிடுவது மட்டும் இல்லை.